நடந்து போன கெரோ

மதன்காட்டி நகராட்சியில் கெரோ என்கிற முற்றுகை என்றால் காலை பதினோரு மணிக்குத்தான். அதற்கு முன்னால் வந்தால் அலுவலகத்தில் ஆள் இருக்காது. பிந்தி வந்தால் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிடும், முற்றுகையிட வந்தவர்களே வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கும் மீனவர் குடியிருப்பான ஜேலேபாடாவின் ஜனங்கள் சரியாகப் பதினோரு மணிக்குப் படியேறினார்கள். சேர்மன் பிஜோலி சாமந்தாவின் அறைக்குள் நுழைந்து அவள் மேஜையைச் சுற்றி மூன்று வரிசையாக உட்கார்ந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் வராந்தாவில் நின்றார்கள். அங்கும் கிடைக்காதவர்கள் மழையில் நின்றார்கள். மொத்தம் இருநூறு பேர் இருக்கும். குடை ஐம்பது இருக்கும்.

பிஜோலி அப்போது தோளில் பையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். பையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

இதில் அவள் கோபப்பட ஒன்றும் இல்லை. அந்த ஜனங்களுக்கு இப்படி உட்காரச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஜேலேபாடா ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தபோது, இதே அறையில், இதே நாற்காலியில், அப்போதைய சேர்மன் பபதோஷ் லாஹிரியை இருபத்தாறு மணி நேரம் உட்கார வைத்தாள். இன்றுவரை ஊரில் யாரும் அந்தக் கணக்கைத் தாண்டவில்லை. அந்தப் புகழில் கவுன்சிலர் ஆனாள், பிறகு துணைச் சேர்மன், இப்போது மூன்று வருஷமாகச் சேர்மன். நடுவில் கெரோவுக்கென்று நான்கு விதிகள் எழுதித் துண்டுப் பிரசுரமாகவும் போட்டிருந்தாள். ஜேலேபாடாவில் பாதி வீடுகளில் அது காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த போலாய் பர்மன் ஒரு பிரதியைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்திருந்தான். மழைக்காலமாயிற்றே.

போலாய் படித்துறையில் மீன் ஏலம் விடுகிறவன். குரல் அக்கரைவரை கேட்கும். ஆனாலும் கெரோவில் மெல்லத்தான் பேசுவான். அந்தப் பழைய கெரோவின்போது அவன் இருபத்தேழு வயசுப் பையன். கதவோரம் நின்று காவல் காத்தவன். அன்று ராத்திரி மதகு உடைந்து ஜேலேபாடாவில் நாற்பது வீடு விழுந்ததில் அவன் வீடும் ஒன்று. சுவர் அவன் அப்பாவின் காலில் விழுந்தது. அதன்பின் சாகும்வரை கிழவர் கட்டைக் காலோடுதான் நடந்தார். பிஜோலி நின்ற தேர்தல் ஒவ்வொன்றிலும் அவர் மேடையேறினார். "லாஹிரியோட அலட்சியத்துக்கு விலை இந்தக் கால்" என்று அவள் சொல்வாள். கிழவர் வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் காட்டுவார். கூட்டம் தலையில் கைவைத்துக்கொள்ளும்.

இன்றைய வழக்கும் அதே தண்ணீர்தான். நான்கு நாளாக விடாத மழை. ஜேலேபாடாக் கால்வாய் கரை தொட்டு நிற்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு அமாவாசை ஏற்றம், கடல் தண்ணீர் ஆற்றில் ஏறி வரும். கங்கை ஏறும்போது மதகை மூடியாக வேண்டும், மூடினால் மழைத் தண்ணீர் போக வழியில்லை, பம்ப் வைத்துத்தான் இறைக்க வேண்டும். நகராட்சியின் ஒரே பம்ப் போன வாரம் கருகிப்போனது. பம்ப் வேண்டும் என்று ஜனங்கள் இரண்டு தடவை மனு கொடுத்தார்கள், வரும் என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை மனு கொடுக்கிற வழக்கம் மதன்காட்டியில் கிடையாது.

பாவம், பம்ப் நிஜமாகவே வந்திருந்தது. பத்தரை மணிக்குத்தான் ராய்கோலா கிடங்கிலிருந்து போன். ஒரே ஒரு டீசல் பம்ப் மிச்சம் இருக்கிறது, மூன்று ஊர் கேட்கிறது, இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் எந்த ஊர்ச் சேர்மன் முத்திரையோடு நேரில் வந்து கையெழுத்துப் போடுகிறாரோ அவருக்கு. ஆளை அனுப்பினால் கொடுக்க மாட்டார்கள். எந்தக் காலத்திலோ எவனோ பொய்க் கடிதம் காட்டி ஒரு பம்ப்பை ஓட்டிப் போனதிலிருந்து அங்கே அப்படி ஒரு சட்டம். பிஜோலி பையில் முத்திரையைப் போட்டு, ஜிப்பை இழுத்து, எழுந்து நின்ற நேரத்தில்தான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அவள் விஷயத்தைச் சொன்னாள். குரலை உயர்த்தாமல், நேரம், ஊர், கிலோமீட்டர் எல்லாம் சேர்த்துச் சொன்னாள். வரிசை அமைதியாகக் கேட்டது. கேட்டு முடித்ததும் போலாய் வருத்தத்தோடு அவளைப் பார்த்தான்.

"தீதி, இத நீங்களே எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. உள்ள மாட்டுனவன் முதல்ல கேக்கறது தண்ணி. ரெண்டாவது சொல்றது, 'என்ன விடுங்க, உங்க வேலையாத்தான் போறேன்'னு."

இருநூறு பேரும் தலையாட்டினார்கள். அவள் தண்ணீர் வேறு கேட்டிருந்தாள்.

எழுதித் தருகிறேன் என்றாள். போலாய் உறைக்குள்ளிருந்த மூன்றாம் விதியைத் தொட்டுக் காட்டினான். காகிதத்தை நம்பி எழுந்திருக்கக் கூடாது, கேட்ட பொருள் கண்ணில் பட வேண்டும். கிடங்குக்குப் போன் போட்டுத் தருகிறேன், நீயே கேள் என்றாள். போனில் பேசுகிறவன் யாரென்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்கள். அதுவும் அவள் பேச்சுத்தான். லாஹிரி போனை நீட்டியபோது அவள் சொன்னது.

தலைமைக் குமாஸ்தா தாராபதா பாபு தன் மேஜையில் நிம்மதியாக இருந்தார். முப்பத்தோரு வருஷ உத்தியோகத்தில் இது அவருக்குப் பதினேழாவது கெரோ. அவருடைய கீழ் இழுப்பறைக்குள் எந்த ஃபைலும் இருக்காது. அவல், வெல்லம், ஒரு போர்வை, விசிறி, வயிற்றுவலி மாத்திரை, இவைதான் இருக்கும். மழைக்காலத்தில் பதினோரு மணிக்கு முன்னால் டீ குடிக்க மாட்டார். பின்னால் கழிப்பறைக்கு இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகிற சங்கடம் எதற்கு என்பார்.

பன்னிரண்டரைக்கு அவர் அவலை ஒரு காகிதத்தில் கொட்டிச் சேர்மனுக்கு நீட்டினார். கூடவே ஒரு பழைய ஃபைலையும் நீட்டினார். பழுப்பேறிய நாடா, மூலையில் கரையான் தின்ற அடையாளம்.

"சும்மாதான உக்காந்திருக்கீங்க மேடம். படிங்க. லாஹிரி பாபு காலத்து ஃபைல்."

பிஜோலி நாடாவை அவிழ்த்தாள். மேலேயே ஒரு கடிதம். ராய்கோலா கிடங்கு, பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய ஜூலை, தேதி பதினான்கு. மதன்காட்டி மதகுக்கு வேண்டிய இரும்புப் பலகைகள் தயாராக இருக்கின்றன, சேர்மன் இன்று மாலை ஐந்து மணிக்குள் முத்திரையோடு நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஜூலை பதினான்கு எது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தேதியில் வருஷா வருஷம் அவளுக்கு மாலை போடுகிறார்கள்.

அவலைத் தள்ளி வைத்தாள். லாஹிரி அன்று மூன்று மணி சுமாருக்கு எழுந்து கைகூப்பியது ஞாபகம் வந்தது. ராய்கோலாவுக்கு ஒரு தடவை போய்வர விடும்மா, பலகை தயாராக இருக்கிறதாம் என்று அவர் சொன்னார். அவள் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவள் மேஜைமேல் ஏறி நின்று, உள்ளே மாட்டியவன் முதலில் தண்ணீர் கேட்பான் என்று ஆரம்பித்து ஐந்து மணி தாண்டும்வரை பேசினாள். அவ்வளவு நன்றாக அதற்கு முன்னால் அவள் பேசியதில்லை. அதற்குப் பிறகும் இல்லை என்றுதான் பலரும் சொல்கிறார்கள்.

"இத அன்னைக்கு யாருக்கும் காட்டலியா தாராபதா பாபு?"

"காட்டினேனே. கதவுகிட்ட ஒரு பையன்கிட்டக் குடுத்தேன். வாசிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துட்டான்."

"யாரு?"

"மூஞ்சி ஞாபகமில்ல மேடம். உள்ள உக்காந்திருக்கறவனுக்கு வெளிய நிக்கற மூஞ்சி எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்."

பபதோஷ் லாஹிரி அடுத்த தேர்தலில் தோற்று, மகள் வீட்டோடு அசன்சோலுக்குப் போய், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கேயே காலமாகியிருந்தார். நகராட்சி சார்பில் பிஜோலி மலர்வளையம் அனுப்பினாள். மன்னிப்பு என்று ஒன்று கேட்க வேண்டுமானால் இப்போது விலாசம் இல்லை. அவள் கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் முத்திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். அழுகை வரும்போல இருந்தது. கெரோவில் சேர்மன் அழுதால் வெற்றி என்று எடுத்துக்கொண்டு கோஷம் போடுவார்கள் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

மணி ஒன்றேமுக்கால். அவள் போலாயிடம் அந்தத் துண்டுப் பிரசுரத்தைக் கேட்டு வாங்கினாள். தான் எழுதியதையே பரீட்சைக்குப் படிப்பதுபோல வரி வரியாகப் படித்தாள். யார்மேலும் கை வைக்கக் கூடாது. முற்றுகையிடப்பட்டவர் வளையத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. பொருள் கண்ணில் படும்வரை எழக் கூடாது. முற்றுகையிடுகிறவர்கள் டீ குடித்தால் உள்ளே இருப்பவருக்கும் ஒரு கிளாஸ் தர வேண்டும். நான்கையும் இரண்டு தடவை படித்தாள்.

"போலாய், நான் வளையத்த விட்டு வெளிய போகக் கூடாது. சரி. வளையம் இங்கயேதான் இருக்கணும்னு எங்க எழுதியிருக்கு?"

போலாய் பிரசுரத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். பின்பக்கம் அச்சகத்தின் பெயர்தான் இருந்தது.

"நீங்க யாரும் என்ன விட வேணாம். சுத்தி நின்னுக்கிட்டே வாங்க. ராய்கோலா வரைக்கும் நடக்கலாம். பம்ப் இருந்தா உங்க கண்ணுல படும். இல்லன்னா அங்கயே உக்காருங்க, அந்தக் கிடங்கு இந்த ரூமவிடப் பெரிசு."

இதுமாதிரி விஷயம் ஜேலேபாடாவில் முன்னால் வந்ததில்லை. போலாய் மூத்தவர்களைத் தனியே கூப்பிட்டுப் பேசினான். கால்மணி நேரம் விவாதம் நடந்தது. நடக்கிற கெரோ கெரோவே அல்ல, ஊர்வலம் என்று ஒரு கட்சி. நடுவில் ஆள் இருந்தால் கெரோதான் என்று மறு கட்சி. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டதென்று பெண்கள் சொன்னதும் விவாதம் முடிந்தது. பஸ்ஸில் போகலாம் என்று தாராபதா பாபு யோசனை சொன்னார். பஸ்ஸில் வளையம் கொள்ளாது என்று அதைத் தள்ளிவிட்டார்கள்.

இரண்டு மணிக்கு மதன்காட்டி நகராட்சியின் சேர்மன், சுற்றிலும் இருநூறு பேர் கைகோத்து நிற்க, ஏழு கிலோமீட்டர் தூரத்துக்குக் கிளம்பினாள். நடுவில் அவளும், போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு தாராபதா பாபுவும். அவரை யாரும் முற்றுகையிடவில்லை. பழக்கதோஷத்தில் உள்ளே வந்துவிட்டார்.

கடைத்தெருவில் வியாபாரிகள் எழுந்து நின்றார்கள். சேர்மனே தலைமை தாங்கி எதையோ எதிர்த்துப் போகிறாள் என்று ஒரு சாரார் நினைத்தார்கள். சேர்மனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று இன்னொரு சாரார் நினைத்தார்கள். இரண்டு சாராரிலும் சிலர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். காவல் நிலையத்திலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, எதிர்ப்பது யார், எதிர்க்கப்படுவது யார் என்று கேட்டார்கள். இரண்டுக்கும் பிஜோலிதான் பதில் சொன்னாள். அவர்கள் எதையும் எழுதிக்கொள்ளாமல் பின்னால் நடந்தார்கள். படித்துறை முக்கில் கூட்டம் டீ குடித்தது. நான்காம் விதிப்படி அவளுக்கும் ஒரு மண்குவளை வந்தது. தாராபதா பாபு வேண்டாம் என்றார்.

மூன்றரை மணிக்கு ரயில்வே கேட்டில் சிக்கல் வந்தது. வளையத்தின் முன்பக்கம் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது. பின்பக்கம் தாண்டுவதற்குள் கேட் விழுந்தது. ஒரு சரக்கு ரயில் வந்து, பாதி போய், நின்றுவிட்டது. தாண்டிய ராய்கோலா பக்கம் பிஜோலி, தாராபதா பாபு, குடை பிடித்த எட்டுப் பெண்கள். தாண்டாத பக்கம் போலாயும் மற்ற எல்லோரும்.

ஒரு பேட்டரி ரிக்‌ஷா அவள் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுகிறவன் அவளிடம் படித்தவன்.

"ராய்கோலாவா தீதிமணி? ஏறுங்க, பத்து நிமிஷம்."

பெண்கள் அவளைப் பார்த்தார்கள். அவளைப் பிடித்து நிறுத்துகிற உத்தேசம் அவர்களுக்கு இல்லை. அவர்களுக்கும் கால் வலித்தது. பிஜோலி ஒரு கையை ரிக்‌ஷாக் கம்பியில் வைத்தாள். ஏறினால் மூன்றே முக்காலுக்குக் கிடங்கு, நாலு மணிக்குப் பம்ப். ஏறாவிட்டால் இந்த ரயில் எப்போது நகரும் என்று கார்டுக்கே தெரியாது. பொறுப்புள்ள எந்தச் சேர்மனும் ஏறியிருப்பார். ஆனால் இருநூறு பேர் அவளை நடுவில் வைத்து மழையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் போலாயின் முகம் தெரிந்தது. அவன் கத்தவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றான்.

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். ரிக்‌ஷாவை அனுப்பிவிட்டுத் தண்டவாளத்தோரம் கிடந்த ஒரு ஸ்லீப்பர் கட்டைமேல் உட்கார்ந்தாள். இது நேர்மையா, முட்டாள்தனமா என்று இன்றைக்கும் மதன்காட்டி டீக்கடையில் விவாதம் உண்டு. அன்றைக்கு உட்கார்ந்திருந்தவளுக்கே தெரியவில்லை. ரயில் இருபத்திரண்டு நிமிஷம் நின்றது.

கிடங்கைப் பார்க்கும்போது மணி நாலு முப்பத்தைந்து. நல்ல உயரமான மதில், இரும்புக் கேட். கேட்டின் கம்பிகளுக்குள்ளே தகரக் கொட்டகைக்கு அடியில் பச்சை வர்ணம் பூசிய பம்ப் ஒன்று நின்றது. ஜனங்கள் அதைப் பார்த்ததும் சந்தோஷத்தில் கோஷம் போட்டார்கள். அதுதான் பிசகிப்போனது.

கிடங்குப் பொறுப்பாளர் ஹிமாங்ஷு சிக்தார் மூன்று தடவை கெரோவில் அகப்பட்டவர். ஒரு தடவை பதினெட்டு மணி நேரம். அன்றிலிருந்து அவருக்கு நீரிழிவு என்று அவர் மனைவி சொல்வாள். மாடி ஜன்னலிலிருந்து ரோட்டை அடைத்துக்கொண்டு வரும் குடைகளைப் பார்த்தார், கோஷத்தைக் கேட்டார். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. கேட்டைப் பூட்டினார், சாவியையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டார், பின்கதவு வழியாக வெளியேறிக் குளத்தங்கரையோரம் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவரவர் அனுபவம்.

பூட்டைப் பார்த்ததும் கூட்டம் உறைந்தது. பிறகு இயல்பாக என்ன செய்யுமோ அதைச் செய்தது. கேட்டைச் சுற்றி உட்கார்ந்தது. உள்ளே ஆளில்லாத கட்டடத்தை முற்றுகையிட்டு என்ன பயன் என்று தாராபதா பாபு கேட்டார். பூட்டை உடைக்கலாம் என்று இரண்டு பேர் கல்லைத் தூக்கினார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் என்றால் முதல் கல்லை அவளே கொடுத்திருப்பாள். இப்போது கேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். உடைத்து எடுத்துப் போன பம்ப்பை ராத்திரிக்குள் போலீஸ் திருப்பிக் கொண்டுபோய்விடும், நாளைக்குப் பத்து மணிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கற்கள் மெல்லக் கீழே இறங்கின. ரிக்‌ஷாவில் ஏறாமல் போனோமே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

அப்போது தாராபதா பாபுவின் போன் அடித்தது. சிக்தார்தான். குளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசினார். கூட்டம் ரோட்டைத் தாண்டி ஆலமரத்துக்கு அப்பால் போக வேண்டும். சேர்மன் மட்டும் தனியாக, முத்திரையோடு, பின்கதவுக்கு வரலாம். ஒரு ஆள் கூட வந்தாலும் அவர் பஸ் ஏறிவிடுவார். சேர்மன் பெயர் என்ன என்று கேட்டார். தாராபதா பாபு சொன்னார். "இருபத்தாறு மணி நேரம் உக்கார வெச்சாங்களே, அந்த அம்மாவா?" என்று கேட்டுவிட்டு, ஆலமரம் என்பதை அதற்கடுத்த பெட்ரோல் பங்க் என்று மாற்றிக்கொண்டார்.

மணி நாலு நாற்பத்திரண்டு. வளையம் திறக்க வேண்டும். அவள் தனியாகப் போக வேண்டும். பத்தொன்பது வருஷமாக அவள் கூடாது, கூடாது என்று சொல்லி வளர்த்த காரியம்.

பிஜோலி பக்கத்திலிருந்த சிறுபாலத்தின் திண்டில் ஏறினாள். தொண்டையைச் செருமினாள். இருநூறு முகங்களும் நிமிர்ந்தன. பேச்சு அவளுக்குத் தானாக வந்து நாக்கில் நின்றது. முதல் வாக்கியம், மூன்றாவது வாக்கியத்தில் ஒரு சிரிப்பு, அதன்பின் கிழவரின் கால், எல்லாம் வரிசையாக இருந்தது. பத்து நிமிஷம் பேசினால் இவர்களே தூக்கிக்கொண்டு போய்ப் பின்கதவில் விடுவார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிஷம் அவளிடம் இல்லை.

வாயை மூடிக்கொண்டு திண்டிலிருந்து இறங்கினாள். பையைத் திறந்து, அந்தப் பழைய கடிதத்தை எடுத்துப் போலாயின் கையில் வைத்தாள்.

"இதப் படி."

போலாய் கடிதத்தின் தலைப்பைப் பார்த்தான், தேதியைப் பார்த்தான். மடிப்பை முழுக்கப் பிரிக்கவில்லை. நனையாமல் உள்ளங்கையில் பொத்தி அவளிடமே திருப்பிக் கொடுத்தான். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாகத் தன் ஏலக் குரலை எடுத்தான்.

"வழி விடுங்க. எல்லாரும் பெட்ரோல் பங்க் தாண்டிப் போங்க. தீதி தனியாப் போய்ட்டு வரட்டும்."

இரண்டாம் விதி என்ன ஆவது என்று யாரோ கேட்டார்கள். விதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. முணுமுணுத்துக்கொண்டே கைகளைப் பிரித்துக்கொண்டார்கள். பிஜோலி அந்த இடைவெளி வழியாக ஓடினாள். ஐம்பது வயசில், நனைந்த புடவையோடு, மதன்காட்டியின் சேர்மன் குளத்தங்கரைச் சேற்றில் ஓடினதைப் பெட்ரோல் பங்கில் நின்று இருநூறு பேரும் பார்த்தார்கள். திரும்பி வருவாளா என்று பந்தயம் கட்டியவர்களும் உண்டு.

சிக்தார் பெட்ரோல் பங்க் பக்கம் பார்த்துக்கொண்டே பதிவேட்டைத் திறந்தார். அவள் முத்திரையைக் குத்தி, கையெழுத்துப் போட்டு, நேரம் என்ற இடத்தில் நாலு ஐம்பத்தாறு என்று எழுதினாள். நான் வீட்டுக்குப் போகலாமா அம்மா என்று அவர் கேட்டார். தாராளமாகப் போங்கள் என்றாள். பக்கத்து ஊர்ச் சேர்மன் ஜீப்பில் வந்து இறங்கியபோது ஐந்தேகால்.

பம்ப்பைக் கிடங்கு லாரியில் ஏற்றினார்கள். ஏற முடிந்தவர்கள் ஏறிக்கொண்டார்கள், மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள். போராட்டம் வென்றது என்று கோஷம் புறப்பட்டது. நாளைக்கு அச்சடிக்கிற பிரசுரத்தில் கெரோவால் கிடைத்த பம்ப் என்றுதான் போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதுவும் முழுப் பொய் இல்லை. மழை விட்டிருந்தது. மேற்கே கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

பம்ப்பில் ஒரு பக்கம் அவளும் மறு பக்கம் போலாயும் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். லாரி ரயில்வே கேட்டைத் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"அந்தக் கடுதாசிய ஏண்டா படிக்கல?"

"படிச்சிருக்கேன் தீதி."

"எப்ப?"

"அன்னைக்கே. தாராபதா பாபு கதவுகிட்ட வந்து என் கையிலதான் குடுத்தாரு. மணி மூணு கூட ஆகல."

லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பம்ப்பின் இரும்பு அவள் முதுகில் இடித்தது. அவளுக்கு மேடைகள் ஞாபகம் வந்தன. முழங்கால்வரை வேட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற கிழவரும், மேடைக்குக் கீழே அவரைப் பிடித்து இறக்கிவிடக் காத்துக்கொண்டு நின்ற போலாயும் ஞாபகம் வந்தார்கள்.

"உங்கப்பாவ ஊர் ஊரா நிக்க வெச்சேனேடா. பாத்துக்கிட்டுத்தான இருந்த. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அன்னைக்கு?"

போலாய் பம்ப்பின் மூடியைத் திருகிச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான்.

"பேசி முடிச்சதும் சொல்லலாம்னுதான் நின்னுட்டிருந்தேன் தீதி. நீங்க முடிக்கவே இல்ல."